கூலியாட்களுக்கு முன்பணம் கொடுப்பதில் கவனிக்க வேண்டியவை

நடவு, அறுவடை, கரும்பு வெட்டு முதலிய காலங்களில் ஆள் கிடைப்பது அரிதாயிருப்பதால், நிலச்சுவான்தார்கள் பருவம் தொடங்குமுன்பே கூலியாட்களுக்கு முன்பணம் கொடுத்து வைப்பது வழக்கம். முன்பணம் கொடுப்பது தன்னளவில் குற்றமன்று. ஆனால் அப்பணத்தைக் காரணமாகக் கொண்டு ஆளைக் கட்டுப்படுத்த முற்படுவாராயின், கொடுத்தவர் பணத்தை இழப்பதுடன் சிறைத் தண்டனைக்கும் ஆளாவார். இவ்விரண்டிற்குமுள்ள பேதத்தை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் தெளிவாய் அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் ஏற்பட்ட விதம்

தஞ்சை ஜில்லாவின் பண்ணையாட்களுக்கென்று சென்னை ராஜ்யத்தில் 1952ஆம் வருஷத்தில் தனிப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. பின்னர் இந்தியா முழுமைக்கும் பொதுவாகக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் வருஷத்தில் நிறைவேறியது. 1975 அக்டோபர் 25ந் தேதியிலிருந்தே அது அமுலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

கொத்தடிமை என்பது யாது?

பூட்டும் காவலும் இருந்தால்தான் கொத்தடிமை என்று எண்ணுவது தவறு. முன்பணம் வாங்கியதாலோ, தகப்பன் பட்ட கடன் மகன்மேல் விழுந்ததாலோ, ஜாதி வழக்கத்தாலோ ஒருவர் கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றிற்கு உட்பட்டு வேலை செய்தால் அதுவே கொத்தடிமை எனப்படும்.

1. கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைத்தல்.
2. வேறிடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழத்தல்.
3. விரும்பிய ஊருக்குப் போய்வரும் உரிமையை இழத்தல்.
4. தமது பொருளையோ உழைப்பின் பலனையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழத்தல்.

சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்தது எதுவும் பெயரளவுக் கூலியேயாம். டில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்காக நடந்த கட்டிட வேலை சம்பந்தமான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வாங்கும் வேலை கட்டாய வேலையே என்று சுப்ரீம் கோர்ட்டு 1982ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும்கூட ஒருவரை நிர்ப்பந்திப்பவையே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

ஓர் உதாரணம்

கரும்பு வெட்டுக்காக ஒரு தம்பதிக்கு ரூ. 20,000 முன்பணம் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் சேர்த்துத் தினக்கூலி ரூ. 1,000 ஆக வேண்டியிருக்க, கையில் கொடுப்பது ரூ. 300 மட்டுமே, மீதி "கடனுக்கு" என்று சொல்லப்படுகிறது. தினம் ரூ. 700 வீதம் 29 நாளில் ரூ. 20,300 ஆகிக் கடன் தீர்ந்துவிடும். கணக்கு எழுதப்படாமையால் 90ஆம் நாளிலும் பாக்கி நிற்பதாகவே சொல்லப்படுகிறது. கணவன் அடுத்த ஊரில் கூடுதல் கூலிக்குப் போக விரும்பினால், கடன் தீராமல் போகலாகாது என்று தடுக்கப்படுகிறான். கடன் என்று தொடங்கியது இங்கே கொத்தடிமையாய் முடிந்துவிட்டது.

விளையும் நஷ்டம்

இவ்வாறான கடன் சட்டத்தின் பார்வையில் அழிந்துபோன கடனாகும். அதை வசூலிக்க வழக்குத் தொடுக்க இயலாது. ஈடாக வாங்கிய சொத்தையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உழைப்புக்கு ஈடாகக் குடியிருந்த மனையிலிருந்தும் ஆளை வெளியேற்றலாகாது. கொத்தடிமை வேலை வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும், ரூ. 2,000 வரை அபராதமும் உண்டு. தமது கடன் கொத்தடிமைக் கடன் என்று ஆள் முறையிட்டால், அன்று என்று ருசுப்படுத்தும் பாரம் கடன் கொடுத்தவரையே சாரும். ஆகவே கணக்கில்லாதவர் தற்காப்பில்லாதவர் ஆவார்.

அனுசரிக்க வேண்டிய முறைகள்

1. முன்பணத்திற்கு இரண்டு பிரதி சீட்டு எழுதி, ஒன்றை ஆளிடமே கொடுத்தல் வேண்டும்.
2. கணவன், மனைவி இருவர் கூலியையும் தனித்தனியே பதிந்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுத்தல் வேண்டும்.
3. பிடித்தம் யாவும் சேர்ந்து கூலியில் பாதிக்கு மேற்படலாகாது என்று 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. வாரந்தோறும் மீதியை வாசித்துக் காட்டுதல் நலம்.
4. ஆள் விலக விரும்பினால் தடுக்கலாகாது. நியாயமான பாக்கி இருப்பின் சாதாரணக் கடனைப்போல் கேட்டுப் பெறலாமேயன்றி, உழைப்பாகப் பெற முயலலாகாது.
5. மேஸ்திரி மூலம் பணம் கொடுத்தாலும், அது ஆளின் கைக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை நேரில் விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும்.
6. கடனை ஈடுகட்டப் பிள்ளைகளை வேலைக்கு இறக்கலாகாது. 2016ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் வேலைக்கு வைத்தல் குற்றம்.

கிராம அதிகாரிகளுக்கு

இச்சட்டத்தை நடத்தும் பொறுப்பு ஜில்லா கலெக்டருடையது. ஜில்லாவிலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைக்க ஏற்பாடு உண்டு. கிராமத்தில் எவரேனும் கடனுக்காகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், இரு தரப்பாரையும் சமாதானப்படுத்தி விஷயத்தை மூடிவிட முயலாமல், உடனே மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே முறை.

நியாயமான கூலியும் திறந்த கணக்கும் உள்ள வயலுக்கு ஆட்கள் மறுபருவத்திலும் தாமே வருவர். அவ்விடத்தில் முன்பணத்தின் அவசியமும் குறையும்.