யோசேப்பு என்னும் பெயரைத் தாங்கியவர்கள்

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள பேரன் யோசேப்புக்கு,

யோசேப்பு என்பது எபிரேயப் பெயர். நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த ராகேல், தலைமகனைப் பெற்றபோது, கடவுள் இன்னொரு மகனையும் கூட்டித் தரவேண்டும் என்ற வேண்டுதலோடு இப்பெயரை இட்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது. தமிழ்நாட்டில் இது சூசை, வளன், யோசேப்பு, ஜோசப், யூசுப் என்று பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரே பெயர்தான் என்று அறியாமலேயே பலர் அருகருகே வாழ்கின்றனர். இப்பெயரைச் சுமக்கும் இளைஞர், தமக்கு முன் இதைச் சுமந்தவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

அந்த ராகேலுக்குப் பிறந்த முதல் யோசேப்பு, யாக்கோபின் பதினோராம் மகன். பதினேழு வயதில் அண்ணன்மார் அவரை இருபது வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்றனர். எகிப்தில் அடிமையாகி, பொய்ப்பழியால் சிறைப்பட்டு, பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்லி, அந்நாட்டின் ஆளுநராக உயர்ந்தார். விளைச்சல் மிகுந்த ஏழாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைக் களஞ்சியங்களில் சேர்த்து வைத்ததால், அடுத்து வந்த ஏழாண்டுப் பஞ்சத்தை நாடு தாங்கியது. தானியம் தேடி வந்த அண்ணன்மாரையும் அவர் மன்னித்தார். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் இவர் பெயரையே கொண்டது. அதன் 111 வசனங்களில் பெரும்பகுதி இவர் வரலாறுதான். மக்கள் பெரிதும் நினைவில் வைத்திருப்பது கனவையும் பலவண்ண அங்கியையும். ஆனால் பதினான்கு ஆண்டு தளராமல் நடந்த களஞ்சியக் கணக்குதான் ஊரைக் காப்பாற்றியது.

இரண்டாமவர் நாசரேத்தூர்த் தச்சர், மரியாளின் கணவர். நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. சொன்னதைச் செய்தார், குடும்பத்தைக் காத்தார், அவ்வளவே. அந்தப் பேசாத மனிதரைத் தலைவராக வைத்து மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்களில் ஒரு பெருங்காப்பியம் எழுந்த மொழி தமிழ். அது தேம்பாவணி. பாடியவரும் ஒரு யோசேப்பே.

அதற்கு முன் கொடுங்கல்லூர்ச் செப்பேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோட்டில் வீற்றிருந்த சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யூத வணிகர் தலைவர் ஒருவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கினார். வட்டெழுத்தில் வெட்டிய அந்த ஆவணத்தில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்' என்று நிற்கிறது. ஜோசப் ரப்பான் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இவரைத்தான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, தோரணம் ஆகியவை அவருக்குக் கிடைத்த உரிமைகளில் சில. இவை அக்காலத்தில் ஊர்ப்பெரியவர்களுக்கே உரிய சிறப்புகள். கடல் கடந்து வந்த சமூகத்தின் தலைவர் ஒருவரை நம்மவர் என்று ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் செம்புத் தகடுகள் சான்று. கொச்சி மட்டாஞ்சேரி யூதர்கள் அவற்றை வழிவழியாகக் காத்து வந்தனர்.

கோவாவில் 1651இல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகள், டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டியிருந்த காலத்தில் இலங்கைக்குள் எளிய கூலியாள் கோலத்தில் நுழைந்தார். தமிழ் கற்றார். கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளுக்குத் தம் கையால் பணி செய்தார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் மறைந்த அதே காலத்தில்தான் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி தமிழகத்துக்கு வந்து சேர்ந்தார். இத்தாலியின் காஸ்திக்லியோனே ஊரில் 1680இல் பிறந்த இந்தச் சேசு சபைத் துறவியைத்தான் தமிழுலகம் வீரமாமுனிவர் என்று போற்றுகிறது. திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவருடைய முக்கியமான பணித்தளம். வளர்ந்த பிறகு கற்ற மொழியில் அவர் தேம்பாவணிக் காப்பியம் பாடினார். தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம் எழுதினார். 1732இல் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளுக்கு இன்றுள்ள வேறுபாடும் அவர் செய்த சீர்திருத்தமே. தமிழை யாரும் அவருக்கு எளிதாக்கிக் கொடுக்கவில்லை. புலவர்களிடம் மாணவராக அமர்ந்து கற்றார். தாய்மொழி தமிழாக இருந்தும் ஒரு பக்கம் பிழையின்றி எழுதத் தயங்கும் இளைஞர்கள் இவரை நினைக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் இதே பெயர் திருச்சிக் கோட்டையைச் சுற்றி வாளேந்தி நின்றது. 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் வீழ்ந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டனர். புதுச்சேரியிலிருந்து அம்முயற்சியை இயக்கியவர் ஆளுநர் ஜோசப் பிரான்சுவா டூப்ளே. கோட்டையைக் காத்த ஆங்கிலேயர் பக்கம், சிப்பாய்ப் படையில் வேகமாக உயர்ந்து வந்தவர் யூசுப் கான். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்று சொல்லப்படுபவர். ஒரே பெயருடைய இருவர், ஒரே ஊருக்காக, எதிரெதிர் அணியில்.

1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கியது. அரங்கநாதர் கோயிலின் மதில்களும் திருவானைக்காவல் கோயிலின் மதில்களும் படைகளுக்கு அரணாயின. திருவீதிகளில் துப்பாக்கி ஏந்தியவர்கள் நடமாடினர். ஜூன் மாதம் அந்தப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. போர் அதோடு ஓயவில்லை. 1754 வரை இழுத்தது. அந்த ஆண்டுகளில் திருச்சிக்கு வந்துகொண்டிருந்த தானிய, தளவாட வண்டிகளை எதிரியிடமிருந்து காத்துக் கொண்டுவந்ததில் யூசுப் கானுக்குப் பெரும்பங்கு உண்டு. 1754இல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, பின்னர் வறுமையில் இறந்தார். யூசுப் கான் மதுரையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பின்னர் நவாப் முகமது அலியையும் ஆங்கிலேயக் கும்பெனியையும் எதிர்த்து நின்று, சொந்த ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் அவரை மக்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டது. டூப்ளே, யூசுப் கான் இருவரிடமும் துணிவு இருந்தது. ஆயினும் இருவரும் தம் எசமானர்களின் நன்றியை அளவுக்கு மீறி நம்பினர். வேலைக்குப் போகப்போகும் ஒருவர் கவனிக்கத்தக்க செய்தி இது.

அந்தப் பழைய கோட்டையில் மிஞ்சிய மெயின்கார்டு கேட்டின் அருகிலேயே தூய வளனார் கல்லூரி நிற்கிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் சேசு சபையினர் தொடங்கிய கல்லூரி அது. 1883இல் திருச்சிக்கு மாறியது. தச்சர் யோசேப்பின் பெயரைத் தாங்கிய அதன் வகுப்பறைகளில், 1950களின் தொடக்கத்தில், ராமேஸ்வரத்திலிருந்து வந்த முஸ்லிம் மாணவர் அப்துல் கலாமும், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை ரங்கராஜனும் இயற்பியல் படித்தனர். முன்னவர் குடியரசுத் தலைவரானார். பின்னவர் சுஜாதா என்ற பெயரில் தமிழ் உரைநடைக்கே புது வேகம் கொடுத்தார். நுழைவாயிலில் எழுதியிருந்த பெயர் தம் மதத்துப் பெயரா என்று பார்த்து அவர்கள் சேரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயருக்கு மிகவும் பெருமை சேர்த்த தமிழர் ஜே.சி. குமரப்பா. அந்த 'ஜே' ஜோசப்தான். 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ், லண்டனில் தணிக்கையாளராகப் பயின்றார். பம்பாயில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கும்போது இந்திய வறுமைக்கும் அரசின் வரவுசெலவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு ஆராய்ந்தார். 1929இல் காந்தியைச் சந்தித்த பின் கோட்டு சூட்டு உடையை விட்டார். கொர்னேலியஸை விட்டுக் குடும்பப் பெயரான குமரப்பாவை ஏற்றார். ஜோசப்பை விடவில்லை. வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் ஆகியவற்றின் பொருளாதாரத்தை எழுதினார். மண்ணையும் நீரையும் முதலாகக் கருதிக் காக்க வேண்டும் என்று, சுற்றுச்சூழல் என்ற சொல் பரவலாகும் முன்பே சொன்னார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி நினைவு நாளில் மறைந்தார். களஞ்சியம் காத்த பழைய யோசேப்புக்கு இவரைப் போல் நெருங்கிய வாரிசு வேறு எவரும் இல்லை.

பெயரைக் கேட்டதும் சாதியையும் மதத்தையும் கணக்குப் போடுபவர்கள் எங்கும் உண்டு. வாடகைக்கு வீடு தேடும்போதும் விடுதி அறையிலும் அவர்களைச் சந்திக்க நேரும். அவர்களுக்கு அஞ்சி 'ஜோ' என்று சுருக்கிக்கொள்வது வேண்டாத வேலை. இது எங்களுக்கு மட்டுமே உரிய பெயர் என்று உயர்த்திப் பேசுவதும் உண்மைக்குப் புறம்பு. கேட்டவருக்கு முழுப்பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவதே முறை.

ஏலாக்குறிச்சி திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர். வரும் விடுமுறையில் அங்கே போக வேண்டும். போகும் முன் தேம்பாவணியின் முதற்காண்டத்தையாவது உரையோடு படித்துவிட வேண்டும்.

அன்புடன்,
தாத்தா