கண்காட்சிக்குரிய நாகு: சிறிய பட்டியில் அதனை வளர்த்தலும் சினைப்படுத்தலும்

மூன்று அல்லது நான்கு பசுக்களைக் கொண்ட பட்டியில் ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் நாகு கன்றுகள் ஒன்றோ இரண்டோதான். முதிர்ந்த பசு கறவை ஓய்ந்து கழிக்கப்படும்போது அதன் இடத்தை நிரப்பவேண்டியது இக்கன்றே. கால்நடைக் கண்காட்சிக்கு அனுப்பப்படுவதும் பெரும்பாலும் இதுவேயாகும். பெரிய பண்ணையாளர் காட்சிக்கென ஒரு நாகையும் கறவைக்கெனப் பல நாகுகளையும் வைத்திருத்தல் கூடும். சிறு விவசாயிக்கு அவ்வசதி இல்லை. காட்சிக்காக அவர் செய்யும் ஒவ்வொரு காரியமும் பட்டியின் எதிர்காலத்தைப் பாதிக்கும்.

காட்சிக்கு நாகு வளர்ப்போரிடம் இரு தவறுகள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று, பருமனும் பளபளப்பும் உண்டாகவேண்டுமென அளவுக்கு மிஞ்சித் தீவனமூட்டுதல். மற்றது, சினைப்பட்டால் அழகு குன்றிவிடும் என எண்ணிக் காட்சி முடியும்வரை சினைப்படுத்தலைப் பிற்போடுதல். முன்னையது மடியைக் கெடுக்கும். பின்னையது காலத்தை வீணாக்கும். இவ்விரண்டையும் தவிர்த்து, ஒரே நாகைக் காட்சிக்கும் கறவைக்கும் தகுதியுடையதாக்கும் முறை இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் வளர்க்கப்படும் ஜேர்சி - சிந்திக் கலப்பு நாகுகளே இங்கு உதாரணமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

கன்றைத் தெரிதல்

கன்றைப் பார்க்குமுன் தாயைப் பார்த்தல் வேண்டும். தாய் எத்தனை மாதம் கறந்தது, ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே எவ்வளவு காலம் சென்றது, மடிவீக்க நோய் கண்டதா, கறக்கும்போது சாதுவாக நிற்குமா என்பன முதலில் ஆராயப்படல் வேண்டும். நிறமும் நெற்றிச் சுட்டியும் இவற்றுக்குப் பின்னரே கவனிக்கத்தக்கன.

கன்றின் முதுகு நேராகவும், மார்பு ஆழமாகவும், விலாக்கள் நன்கு விரிந்தும், இடுப்பெலும்புகள் அகன்றும் இருத்தல் நன்று. இடுப்பு ஒடுங்கிய நாகு முதற்கன்றை ஈனும்போது இடர்ப்படும். கால்கள் ஒன்றோடொன்று உரசாது நேராக ஊன்றப்படல் வேண்டும். நான்கு முலைக்காம்புகளும் ஒரே அளவினவாய், சம இடைவெளியில் அமைந்திருத்தல் அவசியம்.

நாம்பன் கன்றோடு இரட்டையாகப் பிறந்த நாகு கன்றை ஒருபோதும் தெரிவு செய்யலாகாது. அத்தகைய கன்றுகளுள் பத்தில் ஒன்பது மலடாகவே இருக்கும். புறத்தோற்றத்தில் அவை குறையின்றி வளர்வதால், இரண்டு ஆண்டு தீவனம் போட்ட பின்னரே பலர் உண்மையை அறிகின்றனர்.

கன்றுப் பருவம்

கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துள் கடும்புப்பால் ஊட்டப்படல் வேண்டும். முதல் நாளில் அது குடிக்கும் கடும்பின் அளவு அதன் எடையில் பத்தில் ஒரு பங்காயினும் இருக்கவேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் கன்றுக்குத் தாயின் இரத்தத்திலிருந்து கிடைப்பதில்லை. கடும்பின் வழியாகவே கிடைக்கின்றது. ஒரு நாள் கழிந்தபின் கொடுக்கப்படும் கடும்பினால் அப்பயன் உண்டாகாது.

மிகையான முலைக்காம்பு இருப்பின் அதனை முதல் மூன்று மாதத்துள் கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு நீக்குவித்தல் வேண்டும். கொம்பு வேண்டாதோர் கொம்புக் குருத்தையும் இரண்டு மாதத்துள் அவரைக் கொண்டே, விறைப்பு மருந்திட்டு, சுடுவித்தல் நன்று. கருச்சிதைவு நோயாகிய புருசெல்லோசிசுக்கு எதிரான தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள் நாகு கன்றுகளுக்கு இடப்படும். அந்த வயதைத் தவறவிடலாகாது.

தீவனமும் வளர்ச்சியும்

நாகின் வளர்ச்சி சீராக இருத்தலே முக்கியம். பிறக்கும்போது 22 கிலோகிராம் எடையுள்ள கன்று நாளொன்றுக்குச் சராசரி 400 கிராம் வீதம் வளருமாயின், 450 நாட்களில், அதாவது 15 மாதத்தில், 202 கிலோகிராமை அடையும். கோடையில் மெலிந்து மாரியில் தேறும் நாகு இவ்வெடையை எட்டுவதற்குப் பின்னும் ஓராண்டு செல்லக்கூடும்.

150 கிலோகிராம் எடையுள்ள நாகுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோகிராம் பசுந்தீவனம் வேண்டும். இதில் மூன்றிலொரு பங்கு சீமைக்கிளுவைக் குழையாக இருக்கலாம். புதிதாக வெட்டிய சீமைக்கிளுவையைச் சில மாடுகள் உண்ண மறுக்கும். சிறிது வாடவிட்டுப் புல்லோடு கலந்து கொடுப்பின் பழகிக்கொள்ளும். தேங்காய்ப் பிண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனம் 1 கிலோகிராம் போதுமானது. தாதுப்புக் கலவையும் கறியுப்பும் நாள்தோறும் கொடுக்கப்படல் வேண்டும். நிழலும் தூய நீரும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் மாதம் முதல் பருவமடையும்வரை அளவுக்கு மிஞ்சிய பிண்ணாக்கைக் கொடுத்துக் கொழுக்க வைத்தலே காட்சி நாகுக்குச் செய்யப்படும் பெருந்தீங்கு. மடியில் பால் சுரக்கும் இழையங்கள் விரைவாக வளர்வது இக்காலத்திலேதான். அவை வளரவேண்டிய இடத்தைக் கொழுப்புப் பிடித்துக்கொள்ளுமாயின், பின்னர் எவ்வளவு தீவனம் போட்டும் அக்குறையை நிவர்த்தி செய்ய இயலாது. கொழுத்த நாகு சினைப்படவும் தாமதிக்கும். கன்று ஈனவும் இடர்ப்படும். நடுவரும் கறவையினத்தில் கொழுப்பை விரும்புவதில்லை.

நாகின் நிலையை அறியச் சுலபமான வழி உண்டு. விலாவின்மீது கையை மெல்ல வைத்தால் எலும்புகள் தனித்தனியே தட்டுப்படல் வேண்டும். ஆயின் அவை கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தோன்றலாகாது. வாலின் அடியில் கொழுப்புத் திரண்டிருப்பின் பிண்ணாக்கைக் குறைத்துப் புல்லைக் கூட்டுதல் வேண்டும்.

எடையை மதிப்பிடுதல்

தராசு இல்லாதவிடத்து அளவுநாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து வாலின் இருமருங்குமுள்ள புட்டத்து எலும்பின் முனைவரை உடலின் நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளக்கவேண்டும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, வருந்தொகையை நீளத்தாற் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமிற் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 115 எனின், எடை ஏறத்தாழ 208 கிலோகிராம் ஆகும். மாதத்துக்கு ஒருமுறை, காலையில் தீவனம் போடுமுன் அளந்து எழுதிவைத்தல் வேண்டும்.

சினைப்படுத்தும் காலம்

நாகைச் சினைப்படுத்தும் காலத்தை வயதைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கலாகாது. முழு வளர்ச்சியடைந்த தாயின் எடையில் நூற்றுக்கு 60 பங்கை நாகு அடைந்திருத்தல் வேண்டும். தாய் 330 கிலோகிராமாயின் நாகு 198 கிலோகிராமை எட்டியதும் தகுதி பெறுகின்றது. அதற்குமுன் சினைப்படும் நாகு வளர்ச்சி குன்றும். எட்டிய பின்னரும் காத்திருப்பதால் நன்மையில்லை.

சினைப்படாத நாகு சராசரி 21 நாட்களுக்கு ஒருமுறை வேட்கை கொள்ளும். பட்டியில் அவிழ்த்துவிடப்பட்ட நாகு, பிற மாடுகள் தன்மீது ஏறும்போது அசையாது நிற்பதே நிச்சயமான அறிகுறி. கட்டிவளர்க்கப்படும் நாகில் இதனைக் காண இயலாது. அலறுதல், தீவனம் குறைதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பெண்குறி தடித்தல், கண்ணாடிபோன்ற தெளிந்த கோழை வழிதல் ஆகியவற்றைக் கொண்டே அறியவேண்டும். சிந்தி இரத்தம் மிகுந்த நாகுகளில் வேட்கை குறுகிய நேரமே நிற்கும். இரவில் தோன்றி மறைதலும் உண்டு. ஆகவே விடியற்காலையிலும் அந்தியிலும் கொட்டிலுக்குச் சென்று பார்த்தல் அவசியம்.

காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்தல் வேண்டும். இரத்தங்கலந்த கோழை தோன்றின் வேட்கை கழிந்துவிட்டது என்பது பொருள். அந்நாளைக் குறித்துக்கொண்டு, 18ஆம் நாள் முதல் அடுத்த வேட்கையை எதிர்பார்க்கவேண்டும்.

பொலிகாளையைத் தெரிதல்

சிறிய பட்டிகளில் ஒரே காளை பல ஆண்டுகள் நிற்பதால், தன் மகளையே சினைப்படுத்தும் நிலை ஏற்படுகின்றது. தந்தையோடு மகளும், தமையனோடு தங்கையும் சேரப் பிறக்கும் கன்றுகளில் வளர்ச்சிக் குறைவும் பால் குறைவும் மறைந்திருந்த பரம்பரைக் குறைகளும் வெளிப்படும். காளைக் கன்றுகளைப் பருவமடையுமுன் பிரித்துக் கட்டுதலும் இதனால் இன்றியமையாதது.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் இவ்விடரைத் தீர்க்கும். ஆயினும் ஊர் முழுவதும் ஒரே காளையின் உறைவிந்து சில ஆண்டுகளாகப் பயன்பட்டிருத்தல் கூடும். ஆதலால் சினைப்படுத்துவோர் வரும்போது, நாகின் தந்தையினது இலக்கத்தை அட்டையிற் காட்டி, வேறு காளையின் விந்தைக் கேட்டல் வேண்டும். புதிய காளையின் இலக்கமும் உடனே அட்டையிற் பதியப்படல் வேண்டும். முதற்கன்றுக்குப் பருத்த இனத்துக் காளை ஏற்றதன்று. சிற்றுடல் கொண்ட கலப்பு நாகுக்கு ஜேர்சி அல்லது ஜேர்சிக் கலப்புக் காளையே பொருத்தமானது. எனினும் ஜேர்சி இரத்தம் பாதிக்கு மேல் உயர உயர, வெப்பத்தையும் உண்ணிக் காய்ச்சலையும் தாங்கும் ஆற்றல் குறைந்துசெல்லும். நிழலும் நீரும் பசுந்தீவனமும் குறைந்த இடத்தில் அவ்வளவை மேலும் உயர்த்தாதிருத்தல் நன்று.

காட்சியும் சினையும்

சினைப்படுத்தும் நாளை முதலில் நிர்ணயித்து, அதற்கு இசைந்தால் மட்டுமே காட்சிக்கு அனுப்புதல் வேண்டும். சினைப்படுத்திய 5ஆம் நாள் முதல் 42ஆம் நாள் வரை லொறிப் பயணத்தின் அயர்ச்சியால் கரு அழிதல் கூடும். ஈனுதற்கு முன்னுள்ள இரண்டு மாதத்திலும் பயணம் ஆகாது. இடைப்பட்ட காலத்தில் சினை நாகைத் தாராளமாகக் காட்சிக்கு அனுப்பலாம். நான்கைந்து மாதச் சினை நாகின் அழகைக் கெடுப்பதில்லை.

உதாரணமாக, ஆகஸ்டு 15இல் காட்சி எனக் கொள்க. மே மாதம் சினைப்படுத்தப்பட்ட நாகு அப்போது மூன்று மாதச் சினையாக இருக்கும், தடையில்லை. யூலை 28இல் வேட்கைக்கு வரும் நாகை அன்று சினைப்படுத்தின், காட்சி 18ஆம் நாளில் வரும், இது ஆபத்து. ஆகஸ்டு 18இல் வரும் அடுத்த வேட்கைவரை பொறுப்பின் 21 நாளே பிந்தும், இதனைப் பொறுக்கலாம். யூலை 10இல் வேட்கைக்கு வரும் நாகுக்குக் காட்சி 36ஆம் நாளில் நேரும். ஆகஸ்டு 21வரை பொறுத்தால் 42 நாள் வீணாகும். அந்நாட்களுக்குரிய தீவனச் செலவு நிற்கும். பாலோ கன்றோ அந்நாட்களில் வாரா. இந்நிலையில் நாகைச் சினைப்படுத்திக் காட்சியைக் கைவிடுதலே தகும். அடுத்த ஆண்டு கன்றோடு கூடிய பசுவாக அதனைக் காட்டலாம்.

காட்சிக்கு ஆயத்தஞ்செய்தல்

மூன்று மாதத்துக்கு முன்னரே தலைக்கயிற்றிற் பழக்கத் தொடங்கவேண்டும். நாள்தோறும் கால் மணித்தியாலம், மாட்டின் இடப்பக்கத்தில் நின்று, இழுக்காமலும் அடிக்காமலும் மெல்ல நடத்துதல் வேண்டும். பின்னர் அந்நியர் வந்து தொடும்போதும் அமைதியாக நிற்கப் பழக்கவேண்டும். நிற்கும்போது முன்னங்கால்கள் சமமாகவும், பின்னங்கால்களில் ஒன்று சற்றுப் பின்னாகவும் இருத்தல் அழகு.

குளம்புகளை ஒரு மாதத்துக்கு முன்னரே செதுக்கிவிடல் வேண்டும். காட்சி நெருங்கும்போது செதுக்கி நொண்டுமாயின் முயற்சி முழுவதும் வீணாகும். உண்ணிகளை ஒழித்து, நாள்தோறும் தும்பினால் மயிர் படிந்த பக்கமாகத் தேய்ப்பின் தோல் மிருதுவாகும். காட்சிக்கு முதல்நாள் குளிப்பாட்டி, உலர்ந்த வைக்கோற் படுக்கையிற் கட்டுதல் வேண்டும்.

கால்வாய் நோய்க்கும் தோல் கழலை நோய்க்குமுரிய தடுப்பூசிகள் ஒரு மாதத்துக்கு முன்னரே இடப்பட்டிருத்தல் வேண்டும். 2014இல் கால்வாய் நோய் இலங்கையிற் பரந்தளவிற் பரவியது; 2020இல் தோல் கழலை நோய் வடக்கிற் தோன்றியது. பல பட்டிகளின் மாடுகள் கூடுமிடத்தில் இவை எளிதிற் தொற்றும். சுகாதாரச் சான்றிதழும் மாடு கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் காலத்துடன் பெறப்படல் வேண்டும்.

வழக்கமான தீவனத்தையும் சொந்த வாளியையும் உடன் கொண்டுசெல்லல் நன்று. காட்சியன்று பிறர் வாளியில் நீர் காட்டலாகாது. வேட்கையிலுள்ள நாகைக் காட்சிக்கு அனுப்பலாகாது. திரும்பிவந்த நாகைக் குறைந்தது மூன்று வாரம் பட்டியினின்றும் பிரித்துக் கட்டி, மற்ற மாடுகளைப் பார்த்து முடித்த பின்னரே அதற்குத் தீவனமிடல் வேண்டும். பரிசு பெற்ற நாகும் இவ்விதிக்கு விலக்கன்று.

கன்று ஈனும்வரை

சினைப்படுத்தி இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு சினையைப் பரிசோதித்தல் வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈனும் வேளையில் நாகு தாயின் எடையில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கை அடைந்திருத்தல் விரும்பத்தக்கது. கடைசி இரண்டு மாதம் தீவனத்தைச் சிறிது கூட்டி, மடியைத் தொட்டுத் தடவிக் கறவைக்குப் பழக்கின், முதற்கறவையில் உதைக்கும் தொல்லை இராது.

நாகின் பிறந்த தினம், தாய் தந்தை இலக்கம், மாதாந்த எடை, வேட்கை நாட்கள், சினைப்படுத்திய நாள், தடுப்பூசி நாட்கள் ஆகியவற்றை ஒரே கொப்பியிற் பதிந்து கொட்டிலில் வைத்தல் வேண்டும். காட்சியில் நாகின் வயதுப் பிரிவைத் தீர்மானிக்க உதவுவதும், அடுத்த தலைமுறைக்குக் காளையைத் தெரிய உதவுவதும் அக்கொப்பியே. மேலதிக ஆலோசனை வேண்டுவோர் தமது பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக.