கள்ளியில் எது எது? அடையாளம் காணும் முறை

திண்டுக்கல் சமவெளியில், குறிப்பாக வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரி நிலங்களில், கள்ளி நல்ல உயிர்வேலி. தண்ணீர் கேட்காது, கால்நடை எளிதில் நுழையாது. ஆனால் 'கள்ளி' என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு குடும்பச் செடிகளை அழைத்து வருகிறோம். வேறுபாடு தெரியாவிட்டால் கண்ணுக்கும் உயிருக்கும் கேடு நேரலாம்.

இரண்டு குடும்பங்கள்

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தவை.

அடையாளங்கள்

1. சாறு: நீண்ட குச்சியால், முகத்தை விலக்கிக்கொண்டு கீறினால், ஆமணக்குக் குடும்பக் கள்ளியில் வெள்ளைப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் நீர்த்த, வழவழப்பான சாறே வரும்.

2. முள்: சதுரக்கள்ளியின் விளிம்புகளில் முட்கள் இரண்டிரண்டாக இருக்கும். சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். கூடவே கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்முட்களும் உண்டு. கொம்புக்கள்ளிக்கு முள் இல்லை; பென்சில் பருமனில் பச்சைக் குச்சிகளே இருக்கும்.

3. பூ: சப்பாத்திக்கள்ளியின் பூ பெரியது, மஞ்சள் நிறம், பழம் சிவப்பு. சதுரக்கள்ளியின் பூ மிகச் சிறியது.

போதை தரும் கள்ளி உண்டா?

மெக்சிகோவின் பெயோட்டி, ஆண்டிஸ் மலையின் சான் பெட்ரோ ஆகிய காக்டஸ்களில் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் உள்ளது. முன்னது தரையோடு ஒட்டிய முள்ளற்ற பொத்தான் போன்றது. பின்னது தூண் போல் வளர்வது. இவை இந்தியாவில் இயற்கையாக வளர்வதில்லை. மெஸ்கலின், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அடங்கியது. தூண் போல் நிமிர்ந்திருப்பதைக் கண்டு சதுரக்கள்ளியை அதுவென்று நினைத்து வாயில் வைத்தால், போதை வராது. வாயும் தொண்டையும் வெந்து, வாந்தி, பேதி காணும். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பால் கண்ணில் பட்டால்

உடனே சுத்தமான நீரால் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடக்கூடாது. வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; தாமதித்தால் பார்வை கெடலாம். வேலி வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

சப்பாத்தியை அடக்கிய பூச்சி

ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் தரிசுகளைச் சப்பாத்திக்கள்ளி மூடிக்கிடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில்பூச்சி, ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 1 லட்சம் ஏக்கரில் அதை அழித்தது. மடல்மேல் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கும்; நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும். கள்ளி வேண்டாத இடத்தில் இதற்கு மருந்து தெளிக்க வேண்டாம்.

வறட்சியில் தீவனம்

மடல்களின் முட்களை நெருப்பில் நன்றாகப் பொசுக்கி, நறுக்கி, வைக்கோலுடன் கலந்து மாடுகளுக்குத் தரலாம். தனியாகத் தந்தால் கழிச்சல் உண்டாகும். பால் வடியும் கள்ளியை எக்காரணத்தாலும் தீவனமாக்கக் கூடாது. ஐயமிருந்தால் செடியைப் படம் பிடித்து வேளாண் விரிவாக்க அலுவலரிடம் காட்டிக் கேட்டபின் தொடுவதே நலம்.