கவா: மிளகின் பங்காளி

கேள்வி: பசிபிக் தீவுகளில் குடிக்கிற ‘கவா’ முழுக்க இயற்கையானது, ஹெராயின், கோகெய்ன் போல ஆளைக் கெடுக்காது என்கிறார்கள். நம்பலாமா? அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் யார்?

பதில்: முதலில் எச்சில் கதையைத் தீர்த்துவிடுவோம். 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக்கின் கப்பல்களில் போன ஐரோப்பியர்கள் அந்தத் தீவுகளில் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். சிலர் உட்கார்ந்து ஒரு வேரை மென்று, மென்ற விழுதை மரத்தட்டில் துப்புகிறார்கள். அதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, நாரில் வடிகட்டி, சிரட்டையில் மொண்டு பெரியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எச்சில் பட்டு நொதிப்பதால்தான் போதை வருகிறது என்ற நம்பிக்கை இங்கிருந்து கிளம்பி வெகுகாலம் உலவியது. நொதிக்க நாள்கணக்கில் ஆகும். கவாவோ கலக்கிய சில நிமிடங்களில் குடித்து முடிக்கப்படுகிறது, அதில் சாராயச் சத்தே கிடையாது. கல்லில் இடித்தாலும், இன்று வனுவாட்டுவில் செய்வதுபோல் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் விட்டு அரைத்தாலும் விளைவு ஒன்றுதான். ஜெர்மன் மருந்தியலாளர் லூயி லெவின் 1886இல் இந்தச் செடிக்கென்றே தனிநூல் எழுதினார், வேலை செய்வது வேரிலுள்ள பிசின் என்றார். அந்தப் பிசினில் இருப்பவற்றை இப்போது கவலாக்டோன்கள் என்கிறோம். முக்கியமானவை ஆறு. இவை தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. வேர் எவ்வளவு நைந்து அரைபடுகிறதோ அவ்வளவு சத்து நுண்துகளாகத் தண்ணீரில் இறங்கும். பற்கள் செய்தது அந்த அரவை வேலையை மட்டுமே. இந்த ‘எளிதில் கரையாது’ என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது, ஊரைக் காட்டலாம். வனுவாட்டுத் தீவுகளில்தான் கவா முதலில் வளர்ப்புச் செடியானது என்பது தாவர ஆய்வாளர்களின் முடிவு. பைப்பர் விச்மானி என்ற காட்டுச் செடியிலிருந்து நல்ல தண்டுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நட்டு உருவாக்கியது இது. பைப்பர் என்றதும் புரிந்திருக்கும். மிளகு, திப்பிலி, வெற்றிலை எல்லாம் அந்தக் குடும்பம்தான். கவாவின் இலையும் வெற்றிலை போல இதய வடிவில் இருக்கும். கவா விதை போட்டு முளைப்பதில்லை. கணுவுள்ள தண்டை வெட்டி மனிதன் நட்டால்தான் உண்டு. ஆக, ஃபிஜி, டோங்கா, சமோவா, ஹவாய் வரை அது பரவியிருக்கிறது என்றால், ஒவ்வொரு தீவுக்கும் யாரோ ஒருவர் படகில் தண்டுகளை வாடாமல் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். மனிதர்களையே இவ்வளவு நம்பி வாழும் செடியை வெறும் ‘இயற்கை’ என்று சொல்வது அந்தத் தோட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி, நம்பலாமா என்பதற்கு வருகிறேன். தீவுக்காரர்கள் குடிக்கும் முறையில் குடித்தால், கவாவை ஹெராயின் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. முதல் வாயில் நாக்கும் உதடும் மரத்துப்போகும், ஏனென்றால் கவலாக்டோன்களில் ஒன்றான கவைன் தொட்ட இடத்தை மரக்கச் செய்வது. பிறகு தசைகள் தளரும், படபடப்பு அடங்கும், புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதிகமானால் கால் தள்ளாடும், தூக்கம் வரும். ஹெராயின் கொல்லும் வழி வேறு. அது மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை அடக்குகிறது, அளவு மீறினால் மூச்சு நின்றுவிடுகிறது. கிடைக்காவிட்டால் உடம்பு முறுக்கி வாட்டும். வழக்கமான அளவில் குடிக்கும் கவா மூச்சை அப்படி அடக்குவதில்லை, நிறுத்தினால் அந்த மாதிரி அவஸ்தையும் இல்லை. இதற்குக் காரணம் கவா செடி, ஹெராயின் ரசாயனம் என்பதுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெராயினின் பாட்டியும் செடிதான். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வரும் பாலிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான செர்டுர்னர் பிரித்தெடுத்தார். 1874இல் லண்டனில் அதிலிருந்து ஹெராயின் செய்யப்பட்டது. 1898இல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்தாக விற்றது. கோகெய்னின் கதையும் அப்படித்தான். ஆண்டிஸ் மலைவாசிகள் கோகா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பல நூற்றாண்டுகளாகச் சுமை தூக்கிப் பிழைத்து வந்திருக்கிறார்கள். அந்த இலையில் கோகெய்ன் ஒரு சதவிகித அளவுதான். 1860ஐ ஒட்டி ஆல்பர்ட் நீமன் அதை வெள்ளைத்தூளாகப் பிரித்தெடுத்த பிறகுதான் உலகம் அதன் கோர முகத்தைப் பார்த்தது. இலையில் நார், கசப்பு, வாய் வலிக்க மெல்லும் நேரம் எல்லாம் ஒரு வேலியாக நின்றன. தூளாக்கியதும் அந்த வேலி போயிற்று. ஒரு பொருளின் பாதுகாப்பை முடிவு செய்வது அது எங்கிருந்து வந்தது என்பதல்ல, எந்த வடிவில், எவ்வளவு வேகத்தில், எந்த அளவில் உடம்புக்குள் போகிறது என்பதுதான். இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

கவாவின் வேலியும் ஒருமுறை பிடுங்கப்பட்டது. 1990களில் ஐரோப்பாவில் படபடப்புக்கான மூலிகை மாத்திரையாகக் கவா விற்றது. தேங்காய்ப்பால் பிழிவதுபோல் துணியில் இட்டுப் பிழிந்த சாறு அல்ல அது. எத்தனால் அல்லது அசிட்டோன் கொண்டு இறக்கிய சாரம். தண்ணீர் விட்டுவைக்கும் பலவற்றையும் அவை வேரிலிருந்து இழுத்து வந்துவிடும். சிலருக்கு ஈரல் கெட்டது, மாற்று ஈரல் பொருத்த வேண்டிய நிலைகூட வந்தது. 2002இல் ஜெர்மனி அனுமதியைப் பறித்தது, வேறு சில நாடுகளும் பின்தொடர்ந்தன. 2014இல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவு சரியல்ல என்றது, அதன் பிறகு அங்கே மறுபடியும் அனுமதி ரத்தாயிற்று. கரைப்பான் மட்டும்தான் குற்றவாளியா என்றால் இல்லை. வேருக்குப் பதில் தண்டுத் தோலைச் சேர்த்தது, பூஞ்சை பிடித்த சரக்கு, ‘டூடே’ என்ற வகை என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. டூடே குடித்தால் மயக்கமும் குமட்டலும் இரண்டு நாள் விடாது. வனுவாட்டுக்காரர்கள் அன்றாடம் குடிக்கத் தேர்ந்த வகைகளை ‘நோபிள்’ என்று தனியே வைத்திருக்கிறார்கள், 2002இல் கவா சட்டம் போட்டு மற்ற வகைகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் விதித்தார்கள். ஐரோப்பிய வியாபாரி அவர்களிடம் கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

கேள்வி: தண்ணீரில் கரைத்த கவா அப்படியானால் முழுக்க நல்லதா? நம் வெற்றிலையைப் போல?

பதில்: வெற்றிலையை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. வெற்றிலையைச் சும்மா யாரும் மெல்வதில்லை, பாக்கு கூடவே போகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. பாக்கையும் முதல் வகையில், அதாவது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான வகையில், வைத்திருக்கிறது. கல்யாணத் தட்டிலும் கோயில் தாம்பாளத்திலும் மரியாதையோடு இருக்கிற பொருளுக்கே இந்த நிலை. பழமையும் மரியாதையும் ஈரலுக்கோ வாய்க்கோ தெரியாது.

கவாவுக்கும் அதே தராசுதான். ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் யோல்ங்கு பழங்குடியினரிடம் 1980களின் தொடக்கத்தில், குடிக்கு மாற்றாக இருக்கட்டும் என்று கவா நுழைந்தது. ஃபிஜியில் கவாவுக்கு ஒரு முறை உண்டு. நடுவில் தானோவா என்ற மரப்பாத்திரம், முதல் சிரட்டை யாருக்கு என்ற வரிசை, வாங்குமுன் கைதட்டல், ஒருவர் குடித்து முடித்த பிறகே அடுத்தவர். யோல்ங்குகளிடம் அந்த முறை கூடவே வரவில்லை, பொடி மட்டும் வந்தது. அளவுக்கு மீறிக் குடித்தவர்களின் தோல் மீன் செதிலாக உரிந்தது, உடல் மெலிந்தது, ஈரல் நொதி அளவுகள் ஏறின. நிறுத்தியபோது தோலும் நொதிகளும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின. ஹெராயினோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆறுதல், ஆனாலும் கேடே இல்லை என்பவரின் வாயை அடைக்க இது போதும்.

இன்னொரு எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது என் கட்சிக்கே எதிரானது. 2020இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில், பதற்ற நோயுள்ள 171 பேருக்கு 16 வாரம் கவாவோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். தந்தது நோபிள் வகை, இறக்கியதும் தண்ணீரில். கவா வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஈரல் பரிசோதனையில் மாறுதல்கள் கவா சாப்பிட்டவர்களிடமே அதிகம், ஆனால் ஈரல் சேதம் என்று சொல்லும் அளவுக்கு யாருக்கும் போகவில்லை. ஆகவே தண்ணீர் எல்லாவற்றையும் சுத்தப்படுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அபாயத்தைக் குறைக்கிறது என்கிறேன். மூட்டை மூட்டையாக மாத்திரை விற்பவர்கள் ‘நோய் தீரும்’ என்று போடும் விளம்பரத்தை இந்தச் சோதனை முறித்துவிடுகிறது. மாலையில் நாலு பேர் கூடி உட்கார்ந்து குடிக்கும் தீவுவாசிக்கு அதனால் கவலை இல்லை. அவர் நோய் தீர்க்கக் குடிப்பதில்லை. ஈரல் ஏற்கெனவே பழுதானவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கூடவே மதுவும் குடிப்பவர்கள் எந்த வடிவத்திலும் கவாவைத் தொடக்கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் கூடாது.

கேள்வி: ஃபிஜிக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கவா குடிக்கக் கற்றுக்கொண்டார்களா?

பதில்: நன்றாகவே. ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகள் முதலில் போனது 1879இல், கல்கத்தா வழியாக. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903இல் தொடங்கி தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். 1916வரை அது நடந்தது. இன்று அவர்களின் வாரிசுகள் கவாவை நங்கோனா என்றும் ‘கிராக்’ என்றும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தானோவாவைச் சுற்றி விடியவிடிய உட்காருகிறார்கள். வனுவாட்டுவில் பச்சை வேரை அரைப்பதால் சரக்கு கனமானது, ஃபிஜியில் காயவைத்து இடித்த பொடியைக் கரைப்பதால் இளசு. ஃபிஜியில் சிரட்டை சிரட்டையாகக் குடித்துப் பழகியவர் வனுவாட்டுவிலுள்ள போர்ட் விலாவுக்குப் போனால், அங்கே இரண்டு சிரட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.