குருவிக்கும் ஒரு நாள்

கேள்வி: மார்ச் மாதத்தில் பிள்ளைகளோடு கொண்டாட, காலண்டரில் சிவப்பில் அச்சிடாத வித்தியாசமான நாட்கள் இருக்கின்றனவா?
– ஒரு வாசகி, சூலூர்

பதில்: இருக்கின்றன. என் முதல் தேர்வு மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினம். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரின் முயற்சியில் 2010-இல் தொடங்கியது. நம் நாட்டில் பிறந்து உலகமெங்கும் போன நாள் என்பதாலேயே எனக்குக் கூடுதல் பிரியம்.

ஓட்டு வீடுகளில் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே இருக்கும் சந்து போதும், குருவி குடும்பம் நடத்த. கான்கிரீட் வீட்டில் அந்தச் சந்து இல்லை. ஆகவே அன்றைக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கூடு செய்யுங்கள். பழைய மரப்பெட்டி போதும். வாசல் துளை மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிதானால் மைனா புகுந்துவிடும். பூனை எட்டாத உயரத்தில், நிழலில் மாட்டுங்கள். காற்றாடிக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது. கம்பும் சோளமும் தூவலாம், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் சாப்பாடு. அதனால் செடிகளுக்கு மருந்து அடிக்காதீர்கள். குருவி உடனே வராவிட்டாலும் கூட்டைக் கழற்ற வேண்டாம்.

மார்ச் 14 கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்கு. பை என்ற எண்ணின் நாள், 1988-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டின் சுற்றளவை நூலால் அளந்து விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள், 3.14-க்குப் பக்கத்தில் வரும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். சாயங்காலம் சூலூர்க் குளக்கரைக்குக் கூட்டிப் போய், நொய்யல் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்று காட்டுங்கள்.