ஒரு கணினி, ஆளுக்கொரு கணக்கு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இவர்களுள் பலருடைய ஆவணங்கள் இரு மாநிலங்களிலும் பரவியுள்ளன. தோட்டத்தின் நிலவரி ரசீது மலையாளத்தில் வரும். எல்லைக்கு அப்பால் உள்ள பூர்வீக நிலத்தின் பட்டா தமிழில் இருக்கும். புத்தடியிலோ போடிநாயக்கனூரிலோ மின்னேலத்தில் விற்ற ஏலக்காய்க்கான சீட்டு, வங்கிக் கடன் கடிதம், பிள்ளைகளின் சான்றிதழ் எனப் பட்டியல் நீளும். இவை அனைத்தும் இன்று வீட்டிலுள்ள ஒரே கணினிக்குள் வந்து சேர்கின்றன. அதில்தான் பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர், விளையாட்டுகளைத் தரவிறக்குகின்றனர், பெற்றோர் இணைய வங்கிச் சேவையையும் பயன்படுத்துகின்றனர். பல வீடுகளில் இத்தனைக்கும் ஒரே பயனர் கணக்குதான் உள்ளது. அதற்குக் கடவுச்சொல்லும் இருப்பதில்லை.

வங்கியின் நடைமுறை கற்பிப்பது

வங்கியில் இருவர் கூட்டுக் கணக்குத் தொடங்கும்போது, அதை இயக்குபவர் இருவரில் எவரேனும் ஒருவரா, இருவரும் சேர்ந்தா என்பதை முதலிலேயே எழுதி வாங்குகிறோம். கணவன் மனைவியாயினும், தந்தை மகனாயினும் இம்முறை மாறுவதில்லை. இது அவநம்பிக்கையால் எழுந்த வழக்கமன்று. பின்னாளில் குழப்பம் நேராதிருக்கச் செய்யும் ஏற்பாடு. வீட்டுக் கணினிக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் இருவகைப் பயனர் கணக்குகள் உள்ளன. நிர்வாகிக் கணக்கு உடையவர் எந்த மென்பொருளையும் நிறுவலாம், எந்த அமைப்பையும் மாற்றலாம். சாதாரணக் கணக்கு உடையவர் தம் கோப்புகளை ஆளலாம். கணினி முழுமைக்குமான மாற்றத்தைச் செய்ய முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையோடு இதை ஒப்பிடலாம்.

ஆகவே நிர்வாகிக் கணக்கைத் தனியே ஒதுக்கி, மென்பொருள் நிறுவும்போது மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டின் பெரியவர் உட்பட ஒவ்வொருவரும் அன்றாடப் பணிக்குத் தத்தம் சாதாரணக் கணக்கையே கையாள வேண்டும். விண்டோஸில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதைத் திறந்தால் புதிய கணக்கைச் சேர்க்கும் வழி கிடைக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் கடவுச்சொல் அமைத்தல் இன்றியமையாதது. இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

இணைய வங்கிச் சேவை

கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்கும்போது 'வேண்டாம்' என்றே விடையளியுங்கள். பொதுவான பயனர் கணக்கில் அதைச் சேமித்தால், அடுத்து அமர்பவருக்கும் உலாவி அதைத் தானே நிரப்பித் தரும். அவ்வழியாக எவர் உள்நுழைந்தாலும், வங்கியின் பதிவேட்டில் அது வாடிக்கையாளராகிய உங்கள் செயலாகவே தெரியும். உலாவியின் தனிமைச் சாளரத்தில் எல்லாம் பாதுகாப்பு என்று கருதுவோர் உண்டு. அது பார்த்த பக்கங்களின் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. விசைப்பலகையில் தட்டுவதை ஒற்றறியும் தீய மென்பொருளை அது தடுக்காது. பிள்ளைகள் கண்ட இடத்தில் விளையாட்டுகளைத் தரவிறக்கும் கணக்கும், நீங்கள் வங்கிப் பணி செய்யும் கணக்கும் வேறாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

கோப்புகளின் ஒழுங்கு

தரவிறக்கப்படும் ரசீதுகள் பெரும்பாலும் பொருள் விளங்காத எண்களைப் பெயராகக் கொண்டு வருகின்றன. அன்றே பெயரை மாற்றுங்கள். முதலில் ஆண்டும் மாதமும், பிறகு பொருள், பிறகு ஊர் என அமைத்தல் நன்று. '2025-04 நிலவரி சித்தூர்' என்று பெயரிட்டால், ஆவணம் எம்மொழியில் இருப்பினும் கோப்பு காலவரிசையில் தானே நிற்கும். நிலம், வங்கி, கல்வி, மருத்துவம் என நான்கு உறைகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். அனைவரும் காண வேண்டியவற்றைப் பொது உறையிலும், வங்கி ஆவணங்களை உரியவரின் கணக்கிலும் வையுங்கள்.

பாலக்காட்டில் நேர்ந்தது

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் தீய மென்பொருள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கோப்புகளைத் திறக்க இயலாதவாறு பூட்டி, விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. வயநாடு மாவட்டத்தில் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்திக்கொண்ட குறையைச் சரிசெய்யும் இணைப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே எளிதில் வீழ்ந்தன.

தனித்தனிப் பயனர் கணக்குகள் மட்டும் இத்தகைய தாக்குதலைத் தடுத்துவிடா. எனவே மேலும் இரண்டு பழக்கங்கள் தேவை. ஒன்று, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் நிறுவுதல். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதை வைத்திருப்போர் புதிய பதிப்புக்கோ லினக்ஸுக்கோ மாறுவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். மற்றொன்று, மாதம் ஒருமுறை கோப்புகளை வெளிப்புற வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வைத்தல். இணைத்தபடியே விட்டால், கணினியில் புகுந்த கேடு நகலையும் பற்றும்.

பணம் பறிபோனால்

நாள்களே இங்கு முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான விதியை வகுத்தது. வங்கி, வாடிக்கையாளர் ஆகிய இருவர்மீதும் பிழையின்றி, வெளியாரால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பேதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் வாடிக்கையாளர் பொறுப்பாகலாம். ஆனால், கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும். 'வீட்டாருக்குத்தானே சொன்னேன்' என்பது இங்கு நமக்குத் துணை நிற்காது.

ஐயம் எழுந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் செய்யுங்கள். 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பிறகு, ஐயமற்ற வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

இவ்வாரமே செய்யத்தக்கவை

1. நிர்வாகிக் கணக்கைத் தனியே பிரித்து, வலுவான கடவுச்சொல் அமைத்தல்.
2. ஒவ்வொருவருக்கும் சாதாரணப் பயனர் கணக்கு உருவாக்குதல்.
3. உலாவியில் முன்பு சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை நீக்கி, இணைய வங்கியில் புதியதை அமைத்தல்.
4. நிலம், வங்கி ஆவணங்களை வன்தட்டில் நகலெடுத்தல்.
5. வங்கியில் பதிந்துள்ள கைபேசி எண் இப்போது உங்கள் பயன்பாட்டில் உள்ளதா எனச் சரிபார்த்தல். எல்லைப் பகுதியில் எண்ணை மாற்றியோர் இதை முதலில் செய்க. மூன்று நாள் கணக்கு, வங்கியின் தகவல் உங்களை வந்தடைவதிலிருந்தே தொடங்குகிறது.