முதல் பிரசவம் ஆபரேஷன். அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?



"மூத்தது சிசேரியன். இப்ப ஆறாம் மாசம். இதுவும் ஆபரேஷன்தானா?" என்று ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "வலி வந்ததும் ஓடாதே. சீக்கிரம் போனா அறுத்துடுவாங்க, வீட்டிலேயே கொஞ்சம் தாங்கு" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் உயிருக்கே ஆபத்தான யோசனை. ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். ஆகவே இது நம்மில் பலருக்கும் உள்ள கேள்வி.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்ற கட்டாயம் இல்லை. தகுதியானவர்கள் முயன்றால் 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆனால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு, வலியின்போது கர்ப்பப்பையில் பழைய தையல் விட்டுப்போகலாம். அப்போது தாமதம் இல்லாமல் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?
- ஒரே ஒரு சிசேரியன் ஆகி, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டியிருந்தால்
- முன்பு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால்
- இரண்டு பிரசவத்துக்கும் இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தால்

யாருக்குக் கூடாது?
- கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால்
- முன்பு கர்ப்பப்பை கிழிந்திருந்தால்
- நஞ்சுக்கொடி பிறப்பு வழியை மறைத்திருந்தால்

வயிற்றில் தெரியும் தழும்பு வேறு, உள்ளே கர்ப்பப்பையில் உள்ள வெட்டு வேறு. தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டில்தான் அது இருக்கும். அதைப் பத்திரமாக வைத்து, முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டியது
- ஆபரேஷன் டாக்டர், மயக்க டாக்டர், இரத்தம் மூன்றும் 24 மணி நேரமும் உள்ள சீமாங் மையத்தில்தான் முயல வேண்டும். வீட்டில் கூடவே கூடாது.
- வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.
- வலி வர வீட்டில் மருந்தோ கஷாயமோ குடிக்காதீர்கள்.
- விட்டு விட்டு வர வேண்டிய வலி விடாமல் இருந்தாலோ, தையல் இடம் வலித்தாலோ, இரத்தம் போனாலோ, வலி திடீரென நின்றாலோ, தலை சுற்றினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முயன்றும் ஆபரேஷன் ஆனால் அது தோல்வி இல்லை. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்புவதே வெற்றி.

குழுவில் பேசுவோம்
1. நம் குழுவில் எத்தனை பேரிடம் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது?
2. நம் ஊருக்கு அருகில் உள்ள சீமாங் மையம் எது?
3. ராத்திரி வலி வந்தால் துணைக்குப் போவது யார்? அவசரக் கடனுக்குச் சங்கத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்?